பின்னுதைப்பை அழிக்க முடியாது

ஆவடியில் இயங்கும் போர் வாகன ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் உருவாக்கிய இரண்டு டாங்கிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்று அர்ஜுன் மார்க் 1ஏ. ஏறத்தாழ 68 டன் எடை. 120 மில்லிமீட்டர் விட்டமுள்ள பீரங்கிக் குழல். இன்னொன்று உயர்ந்த மலைப்பகுதிகளுக்கென்று பிறந்த ஜோராவர். எடை 25 டன். குழலின் விட்டம் 105 மில்லிமீட்டர். வண்டியின் எடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. குழலோ எட்டில் ஒரு பங்குதான் சிறுத்திருக்கிறது. குண்டை முன்னே எறியும் எந்தப் பீரங்கியும் தன்னைத் தாங்கி நிற்பதைப் பின்னே உதைக்கும். 68 டன் வண்டி அந்த உதையைத் தன் கனத்தாலேயே பெருமளவு தாங்கிக்கொள்ளும். 25 டன் வண்டி என்ன செய்யும்? இதற்கு விடை தேடும்போது டாங்கிப் பொறியியலின் அடிப்படை உண்மை ஒன்று கண்ணில் படுகிறது. பின்னுதைப்பைக் குறைக்கும் கருவிகள் என்று நாம் சொல்பவற்றில் பெரும்பாலானவை பின்னுதைப்பின் மொத்த அளவில் ஒரு துளியையும் குறைப்பதில்லை. சில அதை நீண்ட நேரத்துக்குப் பரப்புகின்றன. சில அதன் ஒரு பங்கை வேறு திசைக்குத் திருப்புகின்றன. எதுவும் அதை அழிப்பதில்லை. அதை எங்கே இறக்கி வைப்பது என்பதுதான் பொறியாளரின் கையில் இருக்கிறது. கனமான டாங்கிகளில் அந்த இடம் பெரும்பாலும் டாங்கியின் எடையாகவே இருந்துவந்தது என்பதும், எடை குறையக் குறையப் பின்னுதைப்புக் கருவிதான் டாங்கியின் விதியைத் தீர்மானிக்கிறது என்பதும் இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் உதையின் அளவைக் கணக்கிடுவோம். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உற்பத்தியாகும் டி-90 பீஷ்மா டாங்கியில் 125 மில்லிமீட்டர் குழல் இருக்கிறது. அதன் நீளம் 6 மீட்டர். எதிரி டாங்கியின் கவசத்தைத் துளைக்க அது எறியும் ஈட்டி வடிவக் குண்டு, அதைச் சுற்றியிருக்கும் உறையோடு சேர்த்துச் சுமார் 7 கிலோ. குழலை விட்டு வெளியேறும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,700 மீட்டர். எடையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது உந்தம்: ஏறக்குறைய 12,000 அலகு. பலர் கணக்கை இதோடு முடித்துவிடுகிறார்கள். குண்டோடு சேர்ந்து இன்னொன்றும் குழலை விட்டு வெளியேறுகிறது. எரிந்து வாயுவாகிப்போன உந்துமருந்துதான் அது. அதன் எடையைச் சுமார் 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பொருள் அழிவதில்லை என்பதால் அந்த 8 கிலோவும் வாயுவாக வெளியேறியாக வேண்டும். சராசரியாக நொடிக்கு 1,400 மீட்டர் வேகம் என்று கொண்டால் அதன் உந்தம் 11,000 அலகைத் தாண்டுகிறது. ஆக, பீரங்கியைப் பின்னே தள்ளும் மொத்த உந்தம் ஏறத்தாழ 23,000 அலகு. அதில் கிட்டத்தட்டப் பாதி குண்டினுடையது, மீதி வாயுவினுடையது. இந்தப் பாகுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குண்டின் பங்கில் யாராலும் கைவைக்க முடியாது. கைவைத்தால் குண்டின் வேகம் போய்விடும். வாயுவின் பங்கில் மட்டும் நமக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

நியூட்டனின் விதிப்படி இந்த 23,000 அலகு உந்தமும் முதலில் குழலுக்கும், பிறகு டாங்கிக்கும், கடைசியில் பூமிக்கும் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். அப்படியானால் நடுவில் ஒரு கருவி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொருள்களை உடைப்பது உந்தம் அல்ல, விசை என்பதே பதில். உந்தத்தை அது கைமாறும் நேரத்தால் வகுத்தால் சராசரி விசை கிடைக்கும். குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் நொடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அந்த நேரத்தில் வாயுவின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 4,500 மடங்குக்கு ஏறுகிறது என்று கொள்வோம். 125 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையின் பரப்பு 123 சதுர சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் குழலின் பின்பக்கத்தை அழுத்தும் உச்ச விசை ஏறத்தாழ 550 டன். குழலை டாங்கியின் சுழல் கோபுரத்தோடு இறுகப் பிணைத்திருந்தால் இந்த விசை முழுவதும் குழலைத் தாங்கும் அச்சாணிகளிலும் கோபுரத்தைத் தாங்கும் வளையத்திலும் நேரடியாக இறங்கும். அதைத் தாங்கும் இரும்பைச் செய்துவிடலாம். அந்த இரும்பைச் சுமக்கும் டாங்கியைச் செய்வதுதான் கடினம். அதனால்தான் குழல் ஒரு தொட்டிலுக்குள் முன்னும் பின்னும் சறுக்கும்படி வைக்கப்படுகிறது. வெடித்தவுடன் குழல் மட்டும் பின்னே பாய்கிறது. அதை ஒரு கருவி மெல்லப் பிடித்து நிறுத்துகிறது.

எவ்வளவு மெல்ல? குழலும் அதோடு சேர்ந்து நகரும் பாகங்களும் 2 டன் என்று வைத்துக்கொண்டால் 23,000 அலகு உந்தம் அவற்றுக்கு நொடிக்கு 11.5 மீட்டர் வேகத்தைத் தரும். மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றே மேல். டி-90 டாங்கியின் பீரங்கி பின்னே நகரக் கிடைக்கும் தூரம் சுமார் 30 சென்டிமீட்டர்தான். இந்தத் தூரத்துக்குள் ஒரே சீரான விசையால் நிறுத்த வேண்டுமானால் சுமார் 45 டன் விசை போதும். நேரம் நொடியில் இருபதில் ஒரு பங்கு. 550 டன்னாக வந்திருக்க வேண்டிய உச்ச விசை 45 டன்னாகச் சுருங்கிவிட்டது. உந்தத்தில் ஓர் அலகுகூடக் குறையவில்லை. டி-90 டாங்கியின் எடை 46 டன்னை ஒட்டியது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். வண்டியின் எடைக்கு நிகரான விசை ஒரு கண்ணிமைப்பு நேரம் அதைப் பின்னே தள்ளுகிறது. டாங்கி குலுங்கும், மூக்கைத் தூக்கும், தொங்கு அமைப்பின் டார்ஷன் பார்களும் ஷாக் அப்சார்பர்களும் அதைத் தணிக்கும். இந்த அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே பின்னுதைப்புக் கருவியின் வேலை.

இந்த வேலையைச் செய்வது எண்ணெய் நிரப்பிய ஒரு சிலிண்டரும் அதற்குள் ஓடும் பிஸ்டனும். குழல் பின்னே பாயும்போது பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிதுக்கித் தள்ளுகிறது. மருத்துவர் பயன்படுத்தும் ஊசிக்குழலில் நீரை நிரப்பி மெல்ல அழுத்தினால் சுலபமாகப் போகும். வேகமாக அழுத்தினால் கை வலிக்கும். திரவம் சிறு துளை வழியே போகும்போது எழும் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதே காரணம். இங்கே ஒரு சிக்கல் முளைக்கிறது. துளையின் அளவு மாறாமல் இருந்தால், குழல் வேகமாக ஓடும் தொடக்கத்தில் விசை எக்கச்சக்கமாக இருக்கும். வேகம் பாதியானதும் விசை கால்வாசியாகிவிடும். கடைசியில் பிடிப்பே இருக்காது. கிடைத்த 30 சென்டிமீட்டரில் பெரும்பகுதி வீணாகும். தூரம் முழுவதையும் சமமாகப் பயன்படுத்த வேண்டுமானால், வேகம் குறையும் அதே விகிதத்தில் துளையும் சுருங்கிக்கொண்டே வர வேண்டும். சீரான விசையில் நிற்கும் பொருள் முக்கால் தூரம் கடக்கும்போது வேகத்தில் பாதியை இழந்திருக்கும். ஆகவே முக்கால் தூரத்தில் துளை பாதியாகச் சுருங்கியிருக்க வேண்டும், முடிவில் முழுவதும் மூடிவிட வேண்டும். இதை மின்னணுக் கருவி எதுவும் செய்வதில்லை. துளைக்குள் புகுந்து செல்லும் ஒரு தண்டின் தடிமனைச் சிறிது சிறிதாக மாற்றியோ, சிலிண்டரின் உட்சுவரில் ஆழம் மாறும் காடிகளை வெட்டியோ இதைச் சாதிக்கிறார்கள். அந்தத் தண்டின் வடிவத்திலேயே வேகத்துக்கும் தூரத்துக்கும் உள்ள கணிதத் தொடர்பு முழுவதும் பதிந்திருக்கிறது. அந்த வடிவம் பிசகினால் விசையின் சீர் குலையும்.

உந்தம் கடந்து போய்விடுகிறது என்றால் ஆற்றல் எங்கே போகிறது? இரண்டும் வேறு வேறு வழிகளில் போகின்றன. 7 கிலோ குண்டு 1,700 மீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஒரு கோடி ஜூலை எட்டுகிறது. 2 டன் குழல் 11.5 மீட்டர் வேகத்தில் பின்னே வரும்போது அதன் ஆற்றல் சுமார் 1,32,000 ஜூல்தான். குண்டினுடையதில் நூறில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. அதே உந்தம் 46 டன் டாங்கிக்கு முழுவதுமாக மாறினால் டாங்கி நொடிக்கு அரை மீட்டர் வேகம் பெறும். அப்போது அதன் ஆற்றல் 6,000 ஜூலைக்கூடத் தொடாது. குழலின் ஆற்றலில் 20ல் 19 பங்குக்கு மேல் வழியிலேயே கழிந்துவிட்டது. அதில் ஒரு பகுதி குழலைத் திரும்பத் தள்ளுவதற்காகச் சேமிக்கப்படுகிறது. மீதி எண்ணெயின் வெப்பமாகிறது. சிலிண்டர்களில் 10 லிட்டர் எண்ணெய் இருப்பதாக எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு வெடிப்புக்கும் அது ஏறத்தாழ 7 டிகிரி சூடேறும். அடுத்தடுத்துப் பத்துக் குண்டுகள் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எண்ணெய் விரியும், நீர்த்துப்போகும், சீல்கள் தளரும். விரியும் எண்ணெய்க்கு இடம் தர ஒரு தனிக் கலம் வேண்டும். குண்டு போடும் வேகத்துக்கு இந்த வெப்பமும் ஒரு வரம்பு கட்டுகிறது.

பின்னே போன குழல் முன்னே திரும்பியாக வேண்டும். அந்த வேலைக்கு நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்த இன்னொரு சிலிண்டர் இருக்கிறது. குழல் பின்னே போகும்போது வாயு மேலும் நெரிபடுகிறது. குழல் நின்றதும் வாயு விரிந்து அதைப் பழைய இடத்துக்குத் தள்ளுகிறது. திரும்பும்போதும் முட்டிக்கொள்ளாமல் இருக்க எண்ணெய்ப் பிடிப்பு உண்டு. எண்ணெயும் வாயுவும் இணைந்த இந்த ஏற்பாடு 1897ஆம் ஆண்டு பிரெஞ்சு ராணுவத்தின் 75 மில்லிமீட்டர் பீரங்கியில் புகழ்பெற்றது. அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு வெடிப்புக்கும் பீரங்கி வண்டி முழுவதும் பின்னே உருளும். வீரர்கள் அதைத் தள்ளிவந்து மீண்டும் குறிபார்க்க வேண்டும். பிரெஞ்சுப் பீரங்கியில் சக்கரங்கள் அசையாமல் நின்றன. குழல் மட்டும் போய்வந்தது. நிமிடத்துக்குப் பதினைந்து குண்டுகள் சாத்தியமாயின. நம் நாட்டில் இந்த ஏற்பாட்டுக்கு வெப்பநிலை ஒரு தனிச் சோதனை வைக்கிறது. அடைத்த வாயுவின் அழுத்தம் வெப்பநிலையோடு ஏறி இறங்கும். ராஜஸ்தான் பாலைவனத்தின் 47 டிகிரியிலும் லடாக் குளிரின் மைனஸ் 23 டிகிரியிலும் ஒரே நைட்ரஜன் கலத்தை வைத்தால் இரண்டு அழுத்தங்களுக்கும் இடையே நூற்றுக்கு 28 வித்தியாசம் வரும். குளிரில் எண்ணெய் வேறு கெட்டியாகிவிடும். ஒரே டாங்கி இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி உதைக்க வேண்டும் என்பது மிகக் கடினமான கோரிக்கை.

இங்கே ஒரு மறுப்பு எழும். குழல் பின்னே ஓடிக்கொண்டிருந்தால் குறி தவறாதா? குண்டு குழலுக்குள் 5 மீட்டர் முன்னே ஓடும் நேரத்தில், 2 டன் எடையுள்ள குழல் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர்தான் பின்னே வந்திருக்கும். பின்னோட்டத்தின் பெரும்பகுதி குண்டு வெளியேறிய பிறகே நடக்கிறது. குழல் நிற்கும்போது குண்டு 80 மீட்டருக்கு அப்பால் போயிருக்கும். டாங்கி எவ்வளவு குலுங்கினாலும் அந்தக் குண்டை அது பாதிக்காது. ஆனால் அந்த முதல் 3 சென்டிமீட்டர் மிக முக்கியமானது. பின்னோட்டத்தை நிறுத்தும் எண்ணெய்த் தடை குழலின் நடு அச்சிலிருந்து ஒரு பக்கமாக ஒதுங்கி இருந்தால், அது இழுக்கும்போது குழல் இம்மி அளவு திரும்பும். குண்டு வெளியேறும் தருணத்தில் குழலின் வாய் அசைந்துகொண்டிருக்கும். இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் அது பெரிய பிழையாக விரியும். டி-72 டாங்கியின் பழைய 125 மில்லிமீட்டர் பீரங்கியைத் திருத்தி அமைத்தபோது ரஷ்யப் பொறியாளர்கள் இரண்டு எண்ணெய்த் தடைகளைக் குழலின் இருபுறமும் சமச்சீராக வைத்ததற்கு இதுவே காரணம். குறி தவறுவதைத் தடுக்க உதையைக் குறைக்க வேண்டியதில்லை. உதை நேர்கோட்டில் இருந்தால் போதும்.

இதுவரை பார்த்தது உந்தத்தை நீட்டிப் பரப்பும் வழி. உண்மையிலேயே உந்தத்தைக் குறைக்கும் வழி ஒன்று உண்டு. குழலின் முனையில் பொருத்தப்படும் மசில் பிரேக் என்னும் வாய்த்தடைதான் அது. குண்டு வெளியேறியதும் அதன் பின்னால் சீறி வரும் வாயுவைப் பக்கவாட்டுத் துளைகள் வழியாகத் திருப்பிவிடுவது இதன் வேலை. முன்னே போக வேண்டிய வாயு பக்கவாட்டிலும் கொஞ்சம் பின்பக்கமாகவும் திரும்பும்போது, அது தடையின் சுவர்களை முன்னே தள்ளுகிறது. குழலின் பின்னோட்டம் அந்த அளவு குறைகிறது. இது கைவைப்பது வாயுவின் பங்கில் மட்டும்தான். ஆனாலும் பலன் பெரிது. மொத்த உந்தத்தில் நூற்றுக்கு 30 குறைந்தால், ஆற்றல் உந்தத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், எண்ணெய் விழுங்க வேண்டிய ஆற்றல் பாதியாகிவிடுகிறது. இவ்வளவு நல்ல கருவியை அர்ஜுனிலும் டி-90யிலும் ஏன் காணோம் என்பதே அடுத்த மறுப்பு. இரண்டாம் உலகப் போரின் டைகர், பாந்தர் டாங்கிகளில் அது இருந்தது. நம்முடைய தனுஷ் பீரங்கியிலும் கே-9 வஜ்ராவிலும் இன்றும் இருக்கிறது. தனுஷும் வஜ்ராவும் தொலைவில் நின்று கண்ணுக்குத் தெரியாத இலக்கைச் சுடுபவை. டாங்கி தான் சுடுவதைத் தானே பார்க்க வேண்டும். பக்கவாட்டில் சீறும் வாயு தூசியைக் கிளப்பிக் கண்ணை மறைக்கும், டாங்கி நிற்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும், அருகே நடந்துவரும் காலாட்படையினரின் செவிப்பறையைக் கிழிக்கும். 6 மீட்டர் நீளமுள்ள குழலின் நுனியில் கூடுதல் எடை தொங்கினால் குழல் வளைந்து ஆடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஈட்டிக் குண்டின் உறை குழலை விட்டு வந்ததும் பிளந்து விலக வேண்டும். அகன்ற அறைகள் கொண்ட வாய்த்தடைக்குள் அது முன்கூட்டியே விரிந்து உரசினால் ஈட்டியின் பாதை கெடும்.

ஆவடியின் வரலாற்றிலேயே இதற்கு நேரான சான்று உண்டு. 1961ல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை 1965 இறுதியில் தன் முதல் விஜயந்தா டாங்கியை வெளியிட்டது. 39 டன் எடையும் 105 மில்லிமீட்டர் பீரங்கியும் கொண்ட அந்த டாங்கிக்கு வாய்த்தடை கிடையாது. அதே விஜயந்தாவின் அடிச்சட்டத்தின் மேல் பிற்காலத்தில் ரஷ்ய 130 மில்லிமீட்டர் பீரங்கியை ஏற்றிக் கேட்டபல்ட் என்ற நகரும் பீரங்கியை உருவாக்கினார்கள். அந்த 130 மில்லிமீட்டர் குழலின் நுனியில் வரிசை வரிசையாகத் துளையிட்ட வாய்த்தடை இருந்தது. அடிச்சட்டம் ஒரே குடும்பம், வேலை வேறு. நேரடியாகப் பார்த்துச் சுடுவதற்குத் தடை வேண்டாம், தொலைவில் நின்று சுடுவதற்கு வேண்டும் என்று வேலையே தீர்மானித்தது. ஆகவே வாய்த்தடை பழைய காலத்துக் கருவி, டாங்கிகள் அதைத் தாண்டி முன்னேறிவிட்டன என்று சொல்வது சரியல்ல. அதன் தீமைகளை ஏற்காமல் ஒதுக்கிவைக்கும் வசதி கனமான டாங்கிகளுக்கு இருந்தது என்பதே சரி. அந்த வசதியைத் தந்தது அவற்றின் எடை.

உந்தத்தை அடியோடு தீர்க்கும் வழியும் ஒன்று இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். குழலின் பின்பக்கத்தைத் திறந்துவிட்டு, முன்னே குண்டு போகும்போது பின்னே வாயுவைப் பீறிடவிட்டால் இரண்டு உந்தங்களும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். பின்னுதைப்பற்ற துப்பாக்கி என்று இதைச் சொல்வார்கள். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரன் பகுதியில் இந்திய வீரர் அப்துல் ஹமீது ஜீப்பில் ஏற்றிய 106 மில்லிமீட்டர் பின்னுதைப்பற்ற துப்பாக்கியால்தான் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளை வீழ்த்தினார். உயிர்நீத்த அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. விஜயந்தாவின் குழலுக்கு நிகரான விட்டமுள்ள குழல், ஒரு ஜீப்பின் மேல். தோளில் வைத்துச் சுடும் 84 மில்லிமீட்டர் கார்ல் குஸ்தாவைத் திருச்சிராப்பள்ளி தொழிற்சாலை தயாரிக்கிறது. அதுவும் இதே வகை. ஆனால் இதற்கும் ஒரு விலை இருக்கிறது. உந்துமருந்தின் பெரும்பகுதி பின்னே எரிந்து போவதால் குண்டின் வேகம் குறைந்துவிடும். அந்த 106 மில்லிமீட்டர் குண்டு நொடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில்தான் போனது. வெடித்துத் துளைக்கும் குண்டுக்கு அது போதும். வேகத்தால் மட்டுமே துளைக்கும் ஈட்டிக்குப் போதாது. தவிர, பின்னே பீறிடும் தீயை மூடிய கோபுரத்துக்குள் வீரர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் விட முடியாது. இங்கேயும் உந்தம் மறைந்துவிடவில்லை. ஜீப்புக்குப் பதிலாக, பின்னே போகும் வாயு அதைச் சுமந்துகொண்டது.

இப்போது எடையின் பங்கை எண்ணால் பார்க்கலாம். மண்ணின் பிடிப்பைக் கணக்கில் எடுக்காமல், உந்தம் முழுவதும் வண்டிக்கே போகிறது என்று வைத்துக்கொண்டால், 105 மில்லிமீட்டர் குண்டும் அதன் வாயுவும் சேர்ந்து தரும் ஏறத்தாழ 17,000 அலகு உந்தம் 39 டன் விஜயந்தாவுக்கு நொடிக்கு 44 சென்டிமீட்டர் வேகம் தரும். டி-90க்கு 50 சென்டிமீட்டர். அர்ஜுன் மார்க் 1ஏவின் 120 மில்லிமீட்டர் பீரங்கிக்கும் ஏறத்தாழ 23,000 அலகு என்று கொண்டால் 34 சென்டிமீட்டர்தான். அதிக எடை என்று பலரும் குறை சொல்லும் அர்ஜுனே இவற்றில் மிக அமைதியாக நிற்கும் மேடை. கவசத்துக்காகச் சேர்ந்த எடை பீரங்கிக்கும் நன்மை செய்கிறது. அறுபது ஆண்டுகளாக ஆவடியில் பிறந்த டாங்கிகளில் பின்னுதைப்புச் சிக்கல் பெரிதாகப் பேசப்படாததற்கு இதுவே காரணம் என்பது என் முடிவு. எடையே அந்தச் சிக்கலைப் பார்வையிலிருந்து மறைத்துவைத்திருந்தது.

ஜோராவரில் அந்தத் திரை விலகிவிட்டது. 2020ல் கிழக்கு லடாக்கில் சீனப் படையோடு ஏற்பட்ட மோதல் நிலைக்குப் பிறகு, உயரமான இடங்களுக்கு எளிதில் கொண்டுபோகக்கூடிய இலகு டாங்கி வேண்டும் என்ற தேவை கூர்மையானது. ஆவடி நிறுவனமும் லார்சன் அண்ட் டூப்ரோவும் சேர்ந்து உருவாக்கிய ஜோராவர் 2024 ஜூலையில் குஜராத்தின் ஹசீராவில் காட்டப்பட்டது. செப்டம்பரில் பாலைவனத்திலும், டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலும் சுட்டுப் பார்த்தார்கள். விஜயந்தாவின் அதே 17,000 அலகு உந்தத்தை 25 டன் வண்டியில் வைத்தால் வேகம் நொடிக்கு 68 சென்டிமீட்டராக எகிறும். அர்ஜுனைப் போல இரண்டு மடங்கு. விசையையும் பார்ப்போம். இவை ஜோராவரின் உண்மையான அளவுகள் அல்ல, விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட முழு எண்கள். நகரும் பாகம் ஒன்றரை டன், பின்னோட்டம் 30 சென்டிமீட்டர், வாய்த்தடை இல்லை என்று கொண்டால் சராசரி விசை 33 டன். வண்டியின் எடையையே தாண்டிவிட்டது. வாய்த்தடை பொருத்தி உந்தத்தில் நூற்றுக்கு 30 குறைத்தால் 16 டன். பின்னோட்டத்தை 50 சென்டிமீட்டராக நீட்டினால் 10 டன். ஒரே குண்டு, ஒரே வேகம். வண்டி தாங்க வேண்டிய விசை மட்டும் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. இலகு டாங்கி என்ற கருத்து சாத்தியமாவது இந்த இடத்தில்தான். ஜோராவரின் குழல் நுனியில் துளையிட்ட வாய்த்தடை இருப்பதும், இத்தாலியின் சென்டாரோ, சுவீடனின் சிவி-90 குடும்பத்தின் 120 மில்லிமீட்டர் வண்டி போன்ற இலகு வண்டிகளிலும் அதே வகைத் தடை இருப்பதும் தற்செயல் அல்ல. உட்துளை குழலின் அளவிலேயே தொடர, சுற்றிலும் சிறு துளைகள் கொண்ட இந்த வடிவத்தில் ஈட்டியின் உறை முன்கூட்டியே விரிய இடமில்லை. தூசி, சத்தம் என்ற தீமைகள் மட்டும் மிச்சம். எடை குறைந்ததற்கு ஈடாக அவற்றை ஏற்றுக்கொள்கிறார்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு, ஏவுகணை இருக்கிறதே என்பது கடைசி மறுப்பு. ஏவுகணை தன் வேகத்தைப் பெரும்பாலும் வெளியே பறக்கும்போது பெறுவதால் பின்னுதைப்பு அற்பமே. டி-90 தன் குழல் வழியாகவே ஏவுகணையும் விடும். ஆனால் ஏவுகணை நான்கு கிலோமீட்டர் போய்ச் சேரப் பல நொடிகள் ஆகும்; விலை அதிகம்; ஏற்றிச் செல்லும் எண்ணிக்கை குறைவு. ஈட்டிக் குண்டு இரண்டு கிலோமீட்டரைச் சற்றேறக்குறைய ஒன்றேகால் நொடியில் கடக்கும். நடுவழியில் அதை எந்த மின்னணுக் குறுக்கீடும் திசைதிருப்ப முடியாது. கோட்டைச்சுவருக்கும் பதுங்குகுழிக்கும் விலையுயர்ந்த ஏவுகணையைச் செலவிடுவதும் அறிவுடைமை ஆகாது. ஏவுகணையும் குண்டும் தேவைப்படும் வரையில் பீரங்கியும் இருக்கும்; பீரங்கி இருக்கும் வரையில் பின்னுதைப்பும் இருக்கும்.

அதனால்தான் இதை வெறும் இயந்திர நுணுக்கமாக ஒதுக்கிவிட முடியாது. அர்ஜுனின் பீரங்கியைப் புனேயில் உள்ள படைக்கல ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் வடிவமைத்தது. டாங்கிகளின் பீரங்கிகள் கான்பூரில் உருவாகி ஆவடிக்கு வந்து டாங்கியில் ஏறுகின்றன. ஜோராவரின் முதல் வடிவத்திலோ பீரங்கியும் அதைத் தாங்கும் கோபுரமும் பெல்ஜியத்தின் ஜான் காக்கரில் நிறுவனத்திடமிருந்து வந்தன. கவசம், சங்கிலிப் பட்டை, தொங்கு அமைப்பு எல்லாம் இங்கே கைவந்த பிறகும், இலகு டாங்கியின் உயிர்நாடியான பின்னுதைப்பு ஏற்பாடு வெளியிலிருந்து வாங்க வேண்டியதாகவே இருந்தது. இதற்குத் தேவையான அடிப்படைக் கைத்திறன் நமக்குப் புதிதல்ல. சிலிண்டரை ஹோனிங் செய்வது, தண்டுக்கு ஹார்டு குரோம் ஏற்றுவது, உயர் அழுத்தச் சீல்களைப் பொருத்துவது ஆகியவை அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகள் பல்லாண்டுகளாக ஹைட்ராலிக் கருவிகளுக்காகச் செய்துவரும் வேலைகள்தான். குறையாக இருப்பது, மாறும் துளையின் வடிவத்தையும் வெப்பநிலைக்கேற்ப அதன் நடத்தையையும் நம் பாலைவனத்திலும் பனிமலையிலும் ஆயிரக்கணக்கான வெடிப்புகளில் அளந்து சேர்க்கும் பொறுமையான சோதனை அறிவு. அதை யாரும் விற்கமாட்டார்கள். சேர்த்துத்தான் ஆக வேண்டும். அடுத்த இலகு டாங்கிக்குத் திட்டம் தீட்டும்போது பீரங்கியின் விட்டத்தையும் கவசத்தின் தடிமனையும் முடிவுசெய்வதற்கு முன், உதை எங்கே போய்ச் சேரப்போகிறது என்பதை முடிவுசெய்ய வேண்டும். அதற்கான ஆய்வுக்கு முதல் பங்கை ஒதுக்க வேண்டும். பின்னுதைப்புக் கருவியைச் சொந்தமாகச் செய்யக் கற்காத நாட்டுக்கு இலகு டாங்கி ஒருபோதும் முழுமையாகச் சொந்தமாகாது.